வெந்நீரின் பதம்

கரூர்த் தறிகளிலிருந்து உலகச் சந்தைக்குப் போகும் பொருள்களில் ‘டர்க்கி டவல்’ ஒன்று. நூலைச் சின்னச் சின்ன வளையமாக விட்டு நெய்யும் இந்த முறை துருக்கியின் கைத்தறிகளில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே போன ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் அந்தத் துண்டைக் கண்டு ஊருக்கு எடுத்து வந்தார். இயந்திரத்தில் நெய்யும் வழி கண்டுபிடிக்கப்பட்டு, 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அந்தத் துண்டு வைக்கப்பட்டது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் அப்படியொரு துணி துருக்கியருக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் அவர்களுடைய குளியல். வேர்க்க வேர்க்கக் கிடந்து, அழுக்குத் தேய்த்து, நுரையில் ஊறி, பிறகு உடம்பு முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குளியல் அது.

துண்டு கொங்கு நாட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் குளியல் கூடம் வரவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நடப்பதன் ஒழுங்கு இங்கே புதிதல்ல. சனிக்கிழமைக் காலையில் பொடக்காலியில் வெந்நீர் அண்டா ஏற்றிய எந்தக் கொங்கு வீட்டுக்கும் அது பழக்கமானதே. வெந்நீர்க் குளியலில் உலகத்தில் எத்தனை வழிமுறைகள் உண்டு, நல்ல குளியலுக்கு அவை வைத்திருக்கும் அளவுகோல் என்ன, அந்த அளவுகோலில் நம் குளியல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

முதலில் துருக்கி. இஸ்தான்புல்லில் 1584-இல் எழும்பிய செம்பெர்லிதாஷ் ஹமாமிலும் 1741-இல் கட்டப்பட்ட ஜாலோலு ஹமாமிலும் இன்றும் போய்க் குளிக்கலாம். ஜாலோலு ஹமாமைக் கட்டுவித்தவர் சுல்தான் முதலாம் மஹ்மூத். ஹாகியா சோபியாவில் அவர் அமைத்த நூலகத்தின் செலவுக்கு இந்தக் குளியல் கூடத்தின் வருமானம் போனது. ஊரார் குளித்த காசில் புத்தகசாலை நடந்திருக்கிறது.

உள்ளே மூன்று கட்டு. முதல் கட்டில் உடை மாற்றிக்கொண்டு, இடுப்பில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கட்டு இளஞ்சூடு. உடம்பு அதற்குப் பழகிய பிறகுதான் மூன்றாவதான வெப்பக் கட்டுக்குள் நுழைய வேண்டும். மேலே கவிழ்ந்த குவிமாடம். அதில் வட்டம் வட்டமாகப் பதித்த கண்ணாடி வழியே வெளிச்சம் கற்றை கற்றையாக இறங்கும். நடுவில் பளிங்கு மேடை. கட்டடத்துக்கு வெளியே எரியும் உலையின் அனலும் புகையும் தரைக்கு அடியில் ஓடி, சுவருக்குள் பதித்த குழாய்கள் வழியே மேலேறும். ரோமானியர் கையாண்ட நுட்பம்தான் இது. கல் சுடாது; ஆனால் படுத்த சிறிது நேரத்தில் நெற்றியிலும் மார்பிலும் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பிவிடும். அங்கே வெப்பம் சுமார் 40, 45 பாகைதான். பின்லாந்துச் சவுனாவின் 80 பாகை வறண்ட வெக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஈரமான, பொறுமையான சூடு.

தோல் ஊறிய பிறகு தேய்ப்பவர் வருவார். கையில் சொரசொரப்பான உறை மாட்டியிருப்பார். முதுகில் நீள வாக்கில் இழுத்தால் அழுக்கும் செத்த தோலும் சாம்பல் நிறத் திரியாக உருண்டு வரும். தினமும் குளிக்கிறவர் உடம்பிலும் வரும். அடுத்தது நுரை. துணிப்பையைச் சோப்பு நீரில் முக்கி, ஊதிப் பிழிந்தால் உடம்பே மறையும் அளவுக்கு நுரை இறங்கும். அதற்குப் பிறகு சொம்பு சொம்பாக வெந்நீர். சுவரோரம் இருக்கும் கல் தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை. அள்ளித்தான் ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் கிடப்பது சுத்தம் ஆகாது, ஓடும் நீரே சுத்தம் என்பது அவர்கள் கொள்கை. கடைசியில் மறுபடி முதல் கட்டு. துண்டு, தேநீர், ஓய்வு.

இந்தக் குளியல் விறகையும் தண்ணீரையும் ஏராளமாகத் தின்றது. இஸ்தான்புல்லில் இனிப் பெரிய ஹமாம் கட்டக் கூடாது என்று 1768-இல் சுல்தான் மூன்றாம் முஸ்தபா தடை போட்டதற்கு அதுவே காரணம். வெந்நீர் ஊற்று உள்ள ஊர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பூர்சாவில் மலையடி ஊற்றுகளின் மேலேயே குளியல் கூடம் கட்டினார்கள். ஹங்கேரியின் புடா நகரம் 1541 முதல் 1686 வரை துருக்கியர் கையில் இருந்தபோது அங்கேயும் அதைச் செய்தார்கள். புடாபெஸ்டில் தன்யூப் நதிக்கரையில் இருக்கும் ருடாஷ் குளியல் கூடம் சோகொல்லு முஸ்தபா பாஷா காலத்தது. எட்டுத் தூண் தாங்கும் குவிமாடம், அதன் கீழ் எண்கோணக் குளம். நடுக்குளத்தில் 36 பாகை. மூலைகளில் 28 முதல் 42 பாகை வரை வெவ்வேறு சூட்டில் சிறு குளங்கள். துருக்கியக் கட்டடத்தில் ஐரோப்பியர் வழக்கமும் சேர்ந்து, இங்கே ஊற்றிக் குளிப்பதற்குப் பதில் மூழ்கிக் கிடக்கிறார்கள். ஒரே மரபுக்குள் இரண்டு வழிமுறைகள் பிரிந்த இடம் இது.

தமிழர் வாழும் நிலத்தில் வெந்நீர் ஊற்று என்றால் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும் ஏழு கிணறுகள். இராவணன் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அங்கேயும் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் முறை. கொங்கு மேட்டுநிலத்தின் பழைய பாறையில் அப்படி ஊற்று எதுவும் இல்லை. ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் போர்த் தண்ணீர் மார்கழி விடியற்காலையில் வெதுவெதுவென்று விழுமே, நம் நிலம் தரும் சூடு அவ்வளவுதான்.

ஹமாம் இந்தியாவுக்கும் வந்தது. பதேபூர் சிக்ரியிலும் டில்லி செங்கோட்டையிலும் அதன் அறைகள் நிற்கின்றன. ஜஹாங்கீர் காலத்தில் அரசரின் குளியல் பகுதியே நெருங்கிய அமைச்சர்களோடு ஆலோசனை நடத்தும் இடமாக இருந்ததை ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையோடு அரண்மனையாகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. போபாலின் பழைய நகரில், கம்லா பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹம்மாம்-ஏ-கதீமியோ நவாபுகள் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. குளிர்கால மாதங்களில்தான் உலை மூட்டுவார்கள். இந்தியாவுக்குள்ளேயே பழைய துருக்கிக் குளியலைப் பார்க்க விரும்புகிறவர்கள் போக வேண்டிய இடம் அது.

இனி நம் வைத்திய மரபுக்கு வரலாம். வேர்க்கவைப்பதற்கென்றே ஒரு வீடு கட்டச் சொல்லும் நூல் இங்கே துருக்கியருக்கு வெகு காலம் முன்பே இருந்தது. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் நெருப்புச் சூட்டால் வேர்வை வரவழைக்கும் வகைகள் பதின்மூன்று சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்றான ஜேந்தாகம், படிக்கப் படிக்க வியப்பைத் தருகிறது. நீர்நிலைக்கு அருகில் நல்ல மண்ணாகப் பார்த்து, மண் பூசிய வட்ட வீடு கட்ட வேண்டும். சுவரில் சன்னல்கள் வைக்க வேண்டும். சுவரை ஒட்டி உட்புறமாகத் திண்ணை. நடுவில் துளைகள் விட்ட மண் அடுப்பு. விறகு எரிந்து புகை அடங்கிய பிறகே எண்ணெய் தேய்த்த நோயாளியை உள்ளே அனுப்ப வேண்டும். அவருக்குச் சொல்லி அனுப்பும் எச்சரிக்கையில்தான் அனுபவம் தெரிகிறது: வேர்த்து மயக்கம் வந்தாலும் திண்ணையை விட்டு இறங்காதே, இறங்கினால் வாசல் தெரியாமல் உயிருக்கே ஆபத்து, உடம்பு லேசானதும் திண்ணையைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிடு. வெளியே வந்ததும் குளிர்ந்த நீரைத் தொடக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல். சற்று நேரம் ஆறியிருந்து பிறகு இளவெந்நீரில் குளி. இஸ்தான்புல்லின் மூன்று கட்டும் இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன. மெல்ல ஏறும் சூடு, பதம் தெரிந்து நிறுத்துவது, அவசரமில்லாமல் ஆறுவது.

கோவையில் இந்த மரபுக்கு முகவரி உண்டு. பி.வி. ராம வாரியர் 1943-இல் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மஸி, கேரள முறைத் தைலச் சிகிச்சையைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நிலைநிறுத்தியது. மரத் தோணியில் படுக்கவைத்து எண்ணெய் தேய்ப்பதும், மூலிகை ஆவியில் வேர்க்க வைப்பதும் நோய்க்கான சிகிச்சையாக, மருத்துவரின் கண்பார்வையில் நடப்பவை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேதும் ஒன்று. நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் குனிந்து வேது பிடிப்பதற்குக் கொங்கு வீடுகளில் வைத்தியர் தேவைப்பட்டதே இல்லை.

ஆனால் கொங்கு நாட்டின் சொந்த வழிமுறை எண்ணெய் வைத்துத் தண்ணி வார்த்துக்கொள்வதுதான். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி சொல்லும் ஒழுங்கு. சிவகிரிப் பக்கத்து எள்ளில் ஆட்டிய செக்கு நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரியவிட்டு இறக்குவார்கள். உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தட்டிய பிறகு காது, தொப்புள், உள்ளங்கால் என்று ஒன்றையும் விடுவதில்லை. எண்ணெய் ஊறட்டும் என்று இளவெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். துருக்கியின் இரண்டாம் கட்டு இங்கே வாசல் வெயில்.

அதற்குள் அண்டாவிலோ செம்புப் பாய்லரிலோ தண்ணீர் காய்ந்திருக்கும். அதை விளாவும் கைதான் இந்த மரபின் ஆசான். வெப்பமானி எதுவும் இல்லாமல், புறங்கையை நனைத்துப் பார்த்துப் பதம் சொல்லும் அம்மாயிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். “சுடுதா கண்ணு? இன்னொரு சொம்பு பச்சத்தண்ணி உடட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் தலையில் ஊற்றுவார்கள். எண்ணெயை எடுக்க அரப்பு. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெயும் போகும், தோலும் வறளாது. சீயக்காய் கொஞ்சம் கடுமை, அரப்பு குளிர்ச்சி. வறண்ட மேட்டுக்காட்டில் தானாக வளரும் இந்த மரத்தின் இலையில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு. முதுகுக்குப் பீர்க்கங்கூடு. இஸ்தான்புல் தேய்ப்பவரின் கையுறை செய்யும் வேலையை, வேலியில் காய்ந்து தொங்கிய பீர்க்கங்காய் இங்கே குறைவில்லாமல் செய்திருக்கிறது. தலை துவட்டிச் சாம்பிராணி காட்டி, மிளகு ரசமும் சுடுசோறும் போட்டு, அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது என்று கட்டளையிட்டு முடிப்பார்கள்.

துருக்கியில் பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் தாயையும் சேயையும் ஹமாமுக்கு அழைத்துப்போய்ச் சடங்காகக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தது. இங்கே பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் வேம்பும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நீட்டிய காலில் குழந்தையைக் குப்புறப் போட்டு வார்க்கும் பாட்டி. குளிப்பாட்டுவது ஒரு தேர்ந்த வேலை என்பதை இரு நாட்டுப் பெண்களும் அறிந்திருந்தார்கள்.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. சூடு படிப்படியாக ஏற வேண்டும். அடுத்தவர் கை உடம்பில் பட வேண்டும். நீர் தேங்காமல் ஓட வேண்டும். முடிந்த பிறகு உடம்பு ஆற நேரம் வேண்டும். இன்று நகரத்து ஸ்பாக்கள் ‘ஹமாம்’ என்ற பலகையோடு விற்பதில் பல இந்தக் கடைசி அளவிலேயே தோற்றுவிடுகின்றன. ஆவி அறையில் பத்து நிமிடம் இருத்தி, நேரே குளிர்நீர்ப் பீச்சலுக்குத் தள்ளி, அடுத்தவரை அழைப்பது எந்த மரபிலும் இல்லாத குளியல். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எந்த வெப்பக் கூடத்துக்குள்ளும் போகக் கூடாது.

ஹமாமுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுதான். அங்கே சூடும் ஊர்ப்பொது, தண்ணீரும் ஊர்ப்பொது. சூட்டை நாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் ஊருக்குப் பொதுவாக வைத்தோம். நொய்யலின் பேரூர்ப் படித்துறை, பவானி கூடுதுறை, கொடுமுடி, கோபிக்கு அருகே கொடிவேரி அணை, திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவி எல்லாமே கொங்கு நாட்டின் குளியல் கூடங்கள். கொடிவேரியில் இன்றும் விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து தண்ணீர் விழும் இடத்தில் தலையைக் கொடுக்கிறார்கள். நொய்யலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பளிங்காகப் பிறக்கும் அந்த ஆறு, கோவையின் சாக்கடையையும் திருப்பூரின் சாயத்தையும் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது.

அதன் பிறகு சுத்திகரிப்பில் திருப்பூர் பெரும் பணம் செலவழித்திருக்கிறது. கோவையின் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்கும் வந்திருக்கின்றன. கரையில் நடப்பதற்கு இடம் கிடைத்தது நல்லதுதான். அடுத்த கட்டமாக ஊரார் இறங்கிக் குளிக்கத் தகுந்த ஒரே ஒரு படித்துறையை நொய்யலில் மீட்டுத் தர வேண்டும் என்று மாநகராட்சியையும், நீர்நிலைகளுக்காக உழைக்கும் அமைப்புகளையும், இந்த மண்ணில் சம்பாதித்த ஆலை முதலாளிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் பேரூர். திதி கொடுத்துவிட்டு வருகிறவர்கள் குழாயடியில் தலையை நனைத்துக்கொள்ளாமல், ஆற்றிலேயே முழுகிவிட்டுப் பட்டீசுவரரைக் கும்பிடப் போக வழி செய்ய வேண்டும்.