இரவல் பெயர்

ஒரு படைப்பைக் கையிலெடுத்தால் அதன் தலைப்பில் சற்று நேரம் தங்கிவிடுவது என் வழக்கம். ஈராக்கில் இயங்கிய ஓர் ஆயுதக் குழுவின் பெயரையும் அவ்வாறே வாசித்துப் பார்க்கிறேன்: 'ஜெய்ஷ் ரிஜாலுத் தரீக்கா அந்நக்ஷபந்திய்யா'. நக்ஷபந்தித் தரீக்காவினரின் படை என்பது பொருள்.

14ஆம் நூற்றாண்டில் புகாராவில் வாழ்ந்த பஹாவுத்தீன் நக்ஷபந்த் அவர்களின் பெயரால் வழங்கும் இத்தரீக்கா, மௌன திக்ருக்குப் பேர்போனது. நாவசையாமல் உள்ளத்தால் இறைவனை நினைக்கும் வழியின் பெயர் ஆயுதத்தில் ஏறியது எங்ஙனம்?

2003 மே மாதம் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பாத் கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கியது, இராணுவத்தையும் கலைத்தது. 2006 டிசம்பர் 30இல் சதாம் ஹுசைன் தூக்கிலிடப்பட்டதையடுத்து இக்குழு வெளிப்பட்டது. அதன் தலைவராகக் கருதப்பட்டவர், சதாமின் ஆட்சியில் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த இஸ்ஸத் இப்ராஹீம் அத்தூரி. ஸூஃபி வட்டாரங்களோடு அவருக்கு நெடுநாள் உறவு இருந்தது உண்மையே. ஆயினும், சொந்தப் பெயரில் மக்கள் முன் வர இயலாத ஓர் ஆட்சி, மக்கள் மதிக்கும் பெயரொன்றை இரவல் வாங்கியது என்பதே என் வாசிப்பு. நக்ஷபந்தித் தரீக்கா ஆழ வேரூன்றிய குர்திஷ் மண்ணில்தான் 1988இல் அதே ஆட்சி ஹலப்ஜா மீது நச்சு வாயு வீசியது. அந்த நினைவையும் இரவல் பெயர் மறைத்தது.

2014 ஜூனில் மோசூல் ஐ.எஸ். வசமானபோது இப்படையினரும் அந்த எழுச்சியில் பங்குகொண்டிருந்தனர். அடுத்த மாதமே அந்நகரின் நபி யூனுஸ் (அலை) அவர்களின் ஸியாரமும் பள்ளிவாசலும் ஐ.எஸ். இயக்கத்தால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஸியாரங்களைப் போற்றும் தரீக்காவின் பெயரைச் சுமந்தவர்கள், அவற்றைத் தகர்ப்போருக்குத் துணைபோயிருந்தனர்.

இங்கே என் கவிதைகளையும் விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டியவனாகிறேன். ஆக்கிரமிப்பு அநீதியானது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஈராக்கைப் பாடிய என் வரிகளில், வீடிழந்து எதிர்த்து நின்றவனும், இழந்த கதிரையை மீட்கப் புறப்பட்டவனும் 'போராளி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். அச்சொல்லை எழுதுமுன், அவன் முன்பு யாராக இருந்தான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஹலப்ஜாவின் தாயொருத்தி அக்கவிதையை வாசித்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்பதையும் அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.