ஒரு மேடை, இரண்டு நினைவேடுகள்

1965 செப்ரெம்பரில் பொப் டிலான் ரொறொன்ரோவுக்கு வந்தது கச்சேரி செய்வதற்காக அல்ல. யோங் வீதியில், ஃபிரையர்ஸ் ரவேர்ன் என்ற மதுச்சாலையில், ‘லெவன் அன்ட் த ஹோக்ஸ்’ குழுவினர் இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டுப் பார்க்கத்தான் வந்தார். வாடிக்கையாளர்கள் கலைந்துபோன பிறகு அதே மேடையில் அவர்களோடு ஒத்திகையும் பார்த்தார். அந்தக் குழுவை அவருடைய காதில் போட்டுவைத்தவர் மேரி மாட்டின். டிலானின் முகாமையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்த ரொறொன்ரோப் பெண். நவம்பர் 14, 15ஆம் திகதிகளில் அதே கூட்டணி மாஸி ஹோலில் மேடையேறியது. தனிக் கிற்றாரும் வாயிசைக் கருவியுமாக டிலானைப் பார்த்துப் பழகிய நாட்டாரிசை ரசிகர்களுக்கு அந்த மின்கிற்றார் இரைச்சல் துரோகமாகப் பட்டது. சபையில் கூச்சல் எழுந்தது.

இந்தக் கூச்சலை மேடையிலிருந்து கேட்ட இருவர் பின்னாளில் புத்தகம் எழுதினார்கள். ட்ரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயியின் மகன். கிற்றார் வாசித்த றொபி றொபேட்சன், 1943இல் ரொறொன்ரோவில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் வசவு வாங்குவதற்கு மனமில்லாத ஹெல்ம், அந்த நவம்பர் முடிவதற்குள் விலகிப் போய், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றுமேடையில் கூலி வேலை பார்த்தார். றொபேட்சன் தாக்குப்பிடித்து நின்றார். ஹெல்மின் ‘திஸ் வீல்ஸ் ஒன் ஃபயர்’ 1993இல் வெளிவந்தது. றொபேட்சனின் ‘ரெஸ்ரிமனி’ 2016இல் வந்தது. ‘த பான்ட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்ற அந்தக் குழுவின் கதையை முழுதாக அறிய வேண்டுமென்றால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் வாசித்தவருக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்பதைவிட, பிழையான கதை தெரியும் என்றே சொல்வேன்.

ஹெல்மின் புத்தகத்தில் கோபம் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே வீட்டில் கூடியிருந்து உருவாக்கிய பாட்டுகளுக்கு உரிமைத்தொகை ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1976 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ‘த லாஸ்ற் வோல்ற்ஸ்’ விடைபெறு கச்சேரியும் அவர் பார்வையில் கட்டாயமாகப் பிரிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கடைசிப் பந்தி. றொபேட்சனின் புத்தகமோ அதே கச்சேரியோடு நிறைவாக முடிகிறது. அவர் பேனாவில் கோபம் குறைவு, கதை சொல்லும் சுகம் அதிகம். தாயாரின் ஊரான ஆறு தேசங்களின் பூர்வகுடி நிலத்தில் உறவினர் கூடியிருந்து கிற்றார் வாசித்ததைக் கேட்ட சிறுவன், பதினாறு வயதில் தன் கிற்றாரை விற்று ஆர்கன்சாவுக்குப் பயணச்சீட்டு எடுத்த கதையை அவர் சொல்லும் பக்கங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஆனால் ஹெல்ம் 2012இல் இறந்துவிட்டார். பதில் சொல்லக்கூடியவர் போன பிறகு வெளிவந்த சாட்சியம் இது. வாசகர் அதை மனத்தில் வைத்துத்தான் ‘ரெஸ்ரிமனி’யை வாசிக்க வேண்டும்.

நான் வசிப்பது ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில். கச்சேரிக்குப் போவதென்றால் எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய கோ ரயிலில் ஏறி யூனியன் நிலையத்தில் இறங்கினால் போதும். மாஸி ஹோல் அங்கிருந்து நடை தூரம். 1894இல் திறந்த மண்டபம் அது. 1953 மே 15ஆம் திகதி சார்லி பாக்கர், டிஸி கிலெஸ்பி, பட் பவல், சார்ள்ஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் ஆகிய ஐவரும் ஒன்றாக மேடையேறிய ஜாஸ் கச்சேரி அங்கேதான் நடந்தது. 1971 ஜனவரி 19ஆம் திகதி நீல் யங் தனியாளாக அமர்ந்து பாடியதும் அங்கேதான். அந்த ஒலிப்பதிவைத் தட்டாக வெளியிடும்படி தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் கேட்டும் யங் இசையவில்லை. 2007 வரை அது பெட்டிக்குள் கிடந்தது.

யங்கின் ‘வேஜிங் ஹெவி பீஸ்’ 2012இல் வந்தது. ஒழுங்கில்லாத புத்தகம். பழைய கார்கள், பொம்மை ரயில்கள், ஒலித்தரம் பற்றிய புலம்பல் என்று அது தன் போக்கில் அலைகிறது. எனக்குப் பிடித்ததே அந்த அலைச்சல்தான். அறுபதுகளின் யோர்க்வில்லைத் தேடுபவருக்கு அதில் கிடைப்பது ‘மைனா பேர்ட்ஸ்’ குழுவின் கதை. ரொறொன்ரோவில் இன்று விலையுயர்ந்த கடைகள் நிறைந்திருக்கும் யோர்க்வில், அன்று கோப்பிக்கடைகளும் நீள்முடி இளைஞர்களும் நிரம்பிய தெரு. பேர்னி ஃபீட்லர் 1964இல் தொடங்கிய ‘றிவர்போட்’ கோப்பிக்கடையில் கோர்டன் லைற்ஃபுட்டும் ஜோனி மிற்செல்லும் பாடினார்கள். யங் கிற்றார் வாசித்த ‘மைனா பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் றிக் ஜேம்ஸ், அமெரிக்கக் கடற்படையிலிருந்து தப்பி வந்த கறுப்பின இளைஞர். 1966இல் டிற்றொயிற்றின் மோற்றவுன் நிறுவனத்தில் ஒலிப்பதிவு நடந்த காலத்தில் அவருடைய தலைமறைவு வெளிப்பட்டது. பதிவு முடக்கப்பட்டது. யங்கும் புரூஸ் பாமரும் பழைய பொன்ரியாக் சவவண்டி ஒன்றில் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்டார்கள். ஜேம்ஸ் சிறைக்குப் போனார். அவருடைய ‘குளோ’, அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு 2014இல் வெளிவந்தது. ஒருவருக்குச் சாகசமாக முடிந்த ஆண்டு மற்றவருக்கு விலங்காக முடிந்ததை இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் காணலாம்.

படையை விட்டு வடக்கே ஓடிவந்தவர்களின் வரலாறு எங்கள் ஊருக்கு அந்நியமானது அல்ல. ஸ்ரௌவ்வில்லை நிறுவிய ஏபிரகாம் ஸ்ரௌஃபர் 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மெனோனைற் சமயத்தவர். ஆயுதம் ஏந்தாமை அவர்களுடைய விசுவாசம். 1793ஆம் ஆண்டின் மேல் கனடாப் படைச் சட்டம் அவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களித்திருந்தது. வியற்நாம் போரின்போது பல்லாயிரம் அமெரிக்க இளைஞர்கள் அதே எல்லையைக் கடந்தார்கள். அவர்களுக்காக அனான்சி பதிப்பகம் 1968இல் குடிவரவுக் கையேடு ஒன்றை வெளியிட்டது. ரொறொன்ரோவின் மாற்றுப் பண்பாட்டை வெறும் முடிவளர்ப்பாகவும் கஞ்சாப் புகையாகவும் காட்டும் நினைவேடுகளில் எனக்குப் பொறுமை இல்லை. அதன் முதுகெலும்பு இந்தப் போர் மறுப்பு. ஸ்ருவட் ஹென்டர்சனின் 2011ஆம் ஆண்டு ஆய்வுநூலான ‘மேக்கிங் த சீன்’ யோர்க்வில்லின் கதையைப் பிரபலங்களை விட்டு இறங்கி, தெருவில் நின்றவர்களிடமிருந்து கட்டுவதால் பல நினைவேடுகளைவிட நம்பகமாக இருக்கிறது.

1969 செப்ரெம்பர் 13ஆம் திகதி வார்சிற்றி மைதானத்தில் நடந்த றொக் விழாவின் கதை பலருக்கும் தெரியும். சீட்டு விற்கவில்லை. அமைப்பாளர் ஜோன் புறோவர் கடைசி நேரத்தில் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஜோன் லெனன் எரிக் கிளப்ரனையும் கூட்டிக்கொண்டு விமானத்திலேயே ஒத்திகை பார்த்து வந்திறங்கினார். அடுத்த ஆண்டுக் கதை அதைவிட எனக்கு முக்கியம். ‘ஃபெஸ்ரிவல் எக்ஸ்பிரஸ்’ என்று ஜானிஸ் ஜொப்ளின், கிரேற்ஃபுல் டெட், த பான்ட் முதலியோரை ரயிலில் ஏற்றி ரொறொன்ரோவிலிருந்து கல்கரி வரை கச்சேரி நடத்தினார்கள். 1970 ஜூன் 27ஆம் திகதி தொடங்கிய அன்றே, நுழைவுக் கட்டணத்தை எதிர்த்து இளைஞர்கள் மைதான வாசலில் திரண்டு பொலிஸாரோடு மோதினார்கள். டெட் குழுவினர் கொரொனேஷன் பூங்காவில் இலவசமாக வாசித்துக் கொதிப்பைத் தணித்தார்கள். இசை எல்லோருக்கும் பொது என்று பாடியவர்களிடம், அப்படியென்றால் கதவைத் திற என்று ரசிகன் கேட்ட நாள் அது. அந்தப் பயணத்தைப் பிடித்த படச்சுருள் வழக்குகளிலும் கடன்களிலும் சிக்கி 2003இல்தான் திரைக்கு வந்தது. ஜொப்ளின் 1970 ஒக்ரோபரிலேயே இறந்தார். அவருக்கு நினைவேடு எழுதும் வயதே வரவில்லை.

1977 மார்ச் 4, 5ஆம் திகதிகளில் ஸ்படைனா அவெனியூவின் எல் மொக்கம்போ விடுதியில், சில நூறு பேருக்கு முன்னால், றோலிங் ஸ்ரோன்ஸ் வேறு பெயரில் வாசித்த இரவுகளுக்கும் பல சாட்சிகள் உண்டு. அதற்குச் சில நாள் முன்புதான் கீத் றிச்சட்ஸ் ஹெரோயினோடு பிடிபட்டிருந்தார். அவருடைய ‘லைஃப்’ அந்த நெருக்கடியை விரிவாகச் சொல்கிறது. தீர்ப்பின்படி, பார்வையற்றோருக்காக 1979 ஏப்ரலில் ஒஷாவாவில் கச்சேரி செய்தார். முதல் நாள் எல் மொக்கம்போவில் இருந்த இன்னொருவர் அப்போதைய கனடியப் பிரதமரின் மனைவி மார்கிரெற் ட்ரூடோ. அன்று அவருடைய ஆறாவது திருமண நாள். 1979இல் அவர் எழுதிய ‘பியோண்ட் றீசன்’, மேடையில் நின்றவர் எவரும் எழுத முடியாத ஒன்றைத் தருகிறது. ஒரு பெண் கச்சேரிக்குப் போனதற்கு நாடே என்ன விலை கேட்டது என்பது அது. டிலானின் காதலியாக ஒரு தட்டின் அட்டைப்படத்தில் உறைந்துபோன சூஸ் றொற்றோலோ 2008இல் எழுதிய ‘எ ஃப்ரீவீலின் ரைம்’ நூலையும் இந்த வரிசையில் வைக்கிறேன். நட்சத்திரங்களின் நினைவேடுகளைவிட, பக்கத்தில் நின்றவர்களுடையவை மேலானவை என்பது என் முடிவு. நட்சத்திரத்துக்குக் காக்க ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்தில் நின்றவருக்குக் காக்க வேண்டியது தான் கண்டது மட்டுமே.

இந்தப் புத்தகங்களை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் கச்சேரிகள் நினைவுக்கு வந்து உறுத்துகின்றன. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் கண்ணன் கோஷ்டியை விடிய விடியக் கேட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஏ. ஈ. மனோகரனையும் நித்தி கனகரத்தினத்தையும் கேட்டு, பைலாத் தாளத்துக்கு ஆடி, பெரியவர்களிடம் ஏச்சு வாங்கிய தலைமுறை அது. ஈழத்துப் பொப் இசை எங்களுடைய சொந்த மாற்றுப் பண்பாடு. அதன் பாட்டுகள் இருக்கின்றன, அதன் இரவுகள் எழுத்தில் இல்லை.

இளையராஜாவின் ரொறொன்ரோக் கச்சேரி முதலில் 2012 நவம்பர் 3ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. போரில் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் மாதத்தில் கொண்டாட்டமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2013 பெப்ரவரி 16ஆம் திகதிக்குத் தள்ளிப் போய், றொஜர்ஸ் சென்ரரில் நடந்தது. கச்சேரி யாருக்குச் சொந்தம், துக்கத்துக்கும் இசைக்கும் நடுவே யார் கோடு போடுவது என்று ஒரு சமூகம் மாதக்கணக்கில் வீட்டுக்கு வீடு வாதாடியது. 1970இன் மைதான வாசலில் எழுந்த கேள்விக்கு எந்த விதத்திலும் சிறியது அல்ல இது. காணொளித் துண்டுகளில் பாட்டு இருக்கிறது, வாதம் இல்லை.

எழுதும் திறன் எங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. ‘காலம்’ இதழை 1990 முதல் இங்கிருந்து நடத்திவரும் செல்வம் அருளானந்தத்தின் ‘எழுதித் தீராப் பக்கங்கள்’, பாரிஸுக்கு அகதிகளாக வந்தவர்களின் அறைவாழ்க்கையைச் சிரிப்பும் வலியுமாகச் சொல்கிறது. தலைவர்களோ தளபதிகளோ அல்லாத, பக்கத்தில் நின்ற ஒருவரின் சாட்சியம். கச்சேரிக்கும் அப்படி ஒரு கை வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ற் டி போலும் மிருதங்கக் கலைஞர் யஞ்சனும் சேர்ந்து, அரங்கேற்ற மேடைகளில் ஒலித்த மிருதங்கத்தை ராப்போடு இணைத்திருக்கிறார்கள். அவர்கள் இளைஞர்கள், அவர்களுக்குக் காலம் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் திருமண மண்டபங்களில் கீபோர்ட் வாசித்தவர்கள், ஒலிபெருக்கி ஏற்றி இறக்கியவர்கள், கடைக்குக் கடை சீட்டு விற்றவர்கள் பலருக்கு அறுபது கடந்துவிட்டது. முதலில் கேட்டு எழுத வேண்டியது அவர்களிடம். ஒரே இரவைப் பற்றி இருவரிடமாவது கேட்க வேண்டும், அவர்கள் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே அச்சில் ஏற்ற வேண்டும்.