விஜய் ஐயரின் பியானோவும் நமது உரிமைகோரலும்

விஜய் ஐயரைப் பற்றித் தமிழிற் பேசுவோர் பெரும்பாலும் மிருதங்கக் கணக்கிலேயே தொடங்குகின்றனர். அவர் 1971இல் அமெரிக்காவின் அல்பனி நகரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆதலின் அவரது ஜாஸ் பியானோவின் சிக்கலான தாளக்கட்டுகளுக்குக் கர்நாடக இசையே ஊற்று என்பது அன்னோர் முடிபு. இம்முடிபு அரைகுறையானது என்பதே நமது கருத்து.

சிறு வயது முதல் 15 ஆண்டுகள் மேனாட்டு வயலின் பயின்ற ஐயர், பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்திற் கணிதமும் பௌதிகமும் படித்தவரை ஆட்கொண்டது தெலோனியஸ் மங்க், ஸ்டீவ் கோல்மன் முதலிய கறுப்பின இசைஞரின் மரபாகும். 1998இல் பேர்க்லியில் நிறைவு செய்த கலாநிதிப் பட்ட ஆய்வும் மேற்காபிரிக்க, ஆபிரிக்க-அமெரிக்க இசைகளில் தாளத்தை உடல் எவ்வாறு அறிகின்றது என்பது பற்றியதே. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் மத்தள அடியோடு ஆட்டக்காரனின் கால் தானே பெயர்வதைக் கண்டோர்க்கு இவ்வாய்வின் அடிப்படை புதிதன்று. (சொற்கட்டை ஏட்டில் எழுதத் தெரியாத அந்த ஆட்டக்காரனை இசையறிஞன் என்று சொல்ல நமக்கு இன்னும் மனம் வருவதில்லை.)

கித்தார்க் கலைஞர் பிரசன்னா, தபேலாக் கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் வெளியிட்ட ‘தீர்த்தா’ (2011) இனியது. ஆயினும் ‘ஹிஸ்டோரிசிட்டி’யில் (2009) மூவர் குழு காட்டிய துணிவு அதில் இல்லை.

நம்மை உண்மையில் நெருங்கி வருவது, கவிஞர் மைக் லாட்டுடன் இணைந்து 2003இல் வெளியிட்ட ‘இன் வட் லாங்குவேஜ்?’, அதாவது ‘எந்த மொழியில்?’ என்னும் படைப்பாகும். 2001இல் நியூயோர்க் விமான நிலையத்தில் ஈரானியத் திரைப்பட நெறியாளர் ஜாபர் பனாஹி தடுத்து வைக்கப்பட்டமை அதற்குத் தூண்டுதல். விமான நிலையங்களில் ஐயத்துக்குள்ளாகும், அங்கேயே கூலிக்கு உழைக்கும் வெள்ளையரல்லாதோரின் குரல்கள் அதில் ஒலிக்கின்றன. ஓமந்தைச் சோதனைச் சாவடியிற் பொதியை இறக்கி, அடையாள அட்டையை நீட்டி வரிசையில் நின்ற வன்னி மக்களுக்கு இக்குரல்களை விளக்க உரைகாரர் வேண்டியதில்லை.

2013இல் மக்ஆர்தர் நிதியம் அவரைத் தெரிவு செய்தது. 2014இல் ஹார்வர்ட் பேராசிரியரானார். அதே ஆண்டில் யேலில் ஆசிய-அமெரிக்கர் முன்னிலையில் ஆற்றிய உரையில், அந்நாட்டில் வெற்றி பெறுவதே அதன் ஏற்றத்தாழ்வுகளுக்கு உடந்தையாவதன்றோ என்று தம் வர்க்கத்தையே வினவினார். அவரை ‘நம்மவர்’ எனக் கொண்டாடும் பாராட்டுரைகளில் விருதுக்குக் கிடைக்கும் இடம் இவ்வுரைக்குக் கிடைப்பது அரிது.