மிச்சப் படம் எங்கே? – 'த கிரே'யும் அதன் பார்வையாளர்களும்

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் இரவு. மருமகன் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த 'த கிரே' படத்தை நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். மருமகன், அவனது வாப்பாவாகிய என் மச்சான், பாடசாலையில் என்னோடு இஸ்லாம் படிப்பிக்கும் மௌலவி நண்பர், நான். லியாம் நீசன் நடித்த படம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடத்தப்பட்ட மகளைத் தேடிப்போய் ஒரு நகரத்தையே புரட்டிப் போட்டவர் அல்லவா! இதில் ஓநாய்களைப் புரட்டிப் போடுவார் என்று மருமகன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

கடைசிக் காட்சியில் நீசன் சிறிய மதுப்போத்தல்களை உடைத்து விரல்களுக்கிடையில் வைத்து நாடாவால் சுற்றுகிறார். மறுகையில் கத்தி. எதிரே கூட்டத்தின் தலைவனான பெரிய ஓநாய். பாய்கிறார். திரை கறுத்துப் போகிறது. எழுத்துகள் ஓடத் தொடங்குகின்றன.

"மாமா, இது கொப்பி பண்ணக்குள்ள வெட்டுப்பட்டிட்டு போல. மிச்சப் படம் எங்க?" என்றான் மருமகன்.

வெட்டுப்படவில்லை. படமே அவ்வளவுதான். அது விளங்கியதும் அவனுக்கு வந்த கோபம் சின்னக் கோபமல்ல. மச்சான், "ஒருத்தனையாவது காப்பாத்தியிருக்கலாந்தானே, என்ன மனிசன் இவன்?" என்று டைரக்டரை ஏசினார். மௌலவி ஒன்றும் பேசவில்லை. அவருடைய கோபம் வேறொரு காட்சி பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டு மண்டபத்தில் நடந்தது 2012 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளிலும் நடந்ததுதான். ஜனவரி 27 அன்று வெளியான இந்தப் படம் அந்த வாரஇறுதியில் ஏறத்தாழ 20 மில்லியன் டொலரை ஈட்டி வசூலில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்களில் பலர் பாராட்டினார்கள். ஆனால் படம் பார்த்து வெளியே வருவோரிடம் புள்ளி கேட்கும் 'சினமாஸ்கோர்' கணிப்பில் சனங்கள் கொடுத்தது 'பி மைனஸ்' மட்டுமே. பரீட்சைத் தாளில் அது மோசமான புள்ளியல்ல. சினிமாவில் ரசிகர்கள் முகம் சுளித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதற்கு முதற்காரணம் ட்ரெய்லர். போத்தல் துண்டுகளைக் கையில் கட்டிக்கொண்டு நீசன் பாய்வதை விளம்பரத்தின் உச்சமாகக் காட்டியிருந்தார்கள். பார்வையாளர் அந்தச் சண்டைக்குத்தான் டிக்கட் வாங்கினார். சண்டை தொடங்கும் இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. கடைக்காரன் ஒரு சாமானைக் காட்டி இன்னொன்றைக் கட்டிக் கொடுத்தால் நமக்கும் கோபம் வரும்தானே. இந்தக் குறையில் நான் மருமகனின் பக்கம். ஆனால் பொட்டலத்துக்குள் வந்த சாமான், காட்டிய சாமானைவிடப் பெறுமதியானதாக இருந்தால் என்ன செய்வது?

கதை சுருக்கமானது. அலாஸ்காவின் எண்ணெய் அகழ்வு முகாமொன்றில் தொழிலாளர்களை ஓநாய்களிடமிருந்து காப்பதற்காகத் துப்பாக்கியோடு நிற்பவன் ஒட்வே. மனைவியை இழந்தவன், ஆனால் அவள் இறந்துபோனாள் என்பதைப் படம் கடைசிவரை நமக்கு மறைத்தே வைக்கிறது. விடுமுறைக்குப் போகும் தொழிலாளர்களைச் சுமந்த விமானம் பனிவெளியில் விழுகிறது. தப்பியவர்கள் ஒரு கைக்குள் எண்ணி முடியாதவர்கள்; இரண்டு கைக்கு அதிகமில்லாதவர்கள். குளிர், பசி, ஓநாய். ஒவ்வொருவராகப் போகிறார்கள். இயான் மெக்கன்சி ஜெஃபர்ஸின் 'கோஸ்ட் வோக்கர்' என்ற சிறுகதையை வைத்து அவரும் ஜோ கார்னஹனும் திரைக்கதை எழுத, கார்னஹன் இயக்கினார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்மிதர்ஸ் என்ற ஊர்ப் பக்கம் உண்மையான பனியில் எடுத்தார்கள். நடிகர்களின் முகத்தில் தெரியும் விறைப்பு நடிப்பு மட்டுமல்ல.

இந்தப் படத்தைப் பார்த்த ரொஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க விமர்சகருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவருக்கு இரண்டு படங்கள். 'த கிரே' முடிந்து அடுத்ததில் அமர்ந்தவர் அரை மணித்தியாலத்தில் எழுந்து வெளியேறிவிட்டாராம். அடுத்த படம் கூடாது என்பதற்காக அல்ல. முதற்படம் அவருக்குள் விட்டுச்சென்ற நிலைமையோடு இன்னொன்றைப் பார்ப்பது அந்த இன்னொன்றுக்குச் செய்யும் அநியாயம் என்று எழுதினார். முந்திய படத்தின் காரணமாக ஒரு படத்திலிருந்து எழுந்து போனது அதுதான் அவருக்கு முதல் தடவை. ஆக, ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் ஏமாற்றத்தோடு எழும்புகிறார், இன்னொருவர் கனத்தோடு எழும்புகிறார்.

எனக்கும் அந்தக் கனம் இருந்தது. ஆனால் அது கடைசிக் காட்சியால் வந்ததல்ல. விமானம் விழுந்த சற்று நேரத்தில் வரும் ஒரு காட்சி. வயிற்றில் காயம்பட்ட ஒரு தொழிலாளி இரத்தம் கொட்டக் கிடக்கிறான். சுற்றி நிற்பவர்கள் "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்கிறார்கள். ஒட்வே மட்டும் அவன் முகத்தோடு முகம் வைத்து, நீ இறக்கப் போகிறாய் என்று சொல்கிறான். பயமுறுத்தாமல், இரகசியம் சொல்வதுபோல. ஓர் இளஞ்சூடு மேலே படரும், அதை வர விடு, உனக்குப் பிரியமானவரை நினைத்துக்கொள் என்கிறான். அந்த மனிதன் அடங்கிப் போகிறான்.

என் வாப்பா ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்த கடைசி நாலு நாளும் நாங்கள் சுற்றி நின்றவர்கள்தான். "ஒண்டுமில்ல வாப்பா, வெள்ளிக்கிழமைக்கு வீட்ட போவம்" என்று பிள்ளைகள் ஏழு பேரும் மாறிமாறிச் சொன்னோம். கலிமாவைக்கூடச் சத்தமாகச் சொல்லிக்கொடுக்கத் தயங்கினோம். சொன்னால் அவருக்கு விளங்கிவிடுமே என்று. அவருக்கு எப்போதோ விளங்கியிருந்தது என்பது எங்களைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. வியாழன் சுபஹோடு மௌத்தாகிவிட்டார். மௌத்தை நினைவுகூரச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்த நாங்கள் செய்யாத ஒன்றை, எதிலும் நம்பிக்கையில்லை என்று சொல்லும் ஒரு பாத்திரம் செய்து காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மச்சானும் அந்த வார்ட்டில் நின்றவர்தான். அந்தக் காட்சியில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

படத்தில் பிழையில்லை என்று சொல்ல வரவில்லை. முதலாவது, ஓநாய்கள். மனிதரை வரிசையாக வேட்டையாடும் பழிவாங்கும் படையாக அவற்றைக் காட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் காட்டு ஓநாய் மனிதரைக் கொல்வது மிக மிக அரிது. 2010இல் அலாஸ்காவில் அப்படியொரு மரணம் நிகழ்ந்து அரச விசாரணையில் உறுதிப்படுத்தப்பட்டது. அது பெரிய செய்தியானதே அதன் அரிதினால்தான். விலங்குரிமை அமைப்பான பீட்டாவும் வைல்ட்எர்த் கார்டியன்ஸும் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னதில் நியாயமுண்டு. போதாக்குறைக்கு, படப்பிடிப்புக்காக ஓநாய் உடல்களை வாங்கினார்கள், நடிகர்கள் அதன் இறைச்சியைச் சமைத்தும் தின்றார்கள் என்ற செய்தியும் வெளியானது. (கோரைப்பல் மிருகம் நமக்கு ஹராம் என்பதால் அந்த ரிசிப்பி நமக்கு வேண்டியதில்லை.) ஐங்குறுநூற்றுப் பாலைப் பாட்டொன்றில் ஓர் ஆண் செந்நாய் வருகிறது. குட்டியோடு நிற்கும் பெண்மானைக் கொல்லாமல் விட்டுக் கடந்து போகிறது அது. வறண்ட சுரத்தைப் பாடியவனுக்குக் கொடுமையைக் காட்ட விலங்கைப் பேயாக்க வேண்டியிருக்கவில்லை. கார்னஹனுக்கு வேண்டியிருந்திருக்கிறது. தீயைச் சுற்றியிருந்து கடவுளைப் பற்றி அந்த மனிதர்கள் வாதாடும் பேச்சும் மேலோட்டமானது. வாய்க்கு வாய் வரும் தூஷணமும் அளவுக்கு மிஞ்சியது. குடும்பமாகப் பார்க்க உகந்ததல்ல.

'எல்லாரும் சாவதென்றால் எதற்குக் கதை?' என்பது மச்சானின் கேள்வி. பழைய கேள்வி. ஜக் லண்டன் 'டு பில்ட் எ ஃபயர்' கதையை இரண்டு முறை எழுதினார். 1902இல் இளைஞர் இதழொன்றுக்கு எழுதியதில், கடுங்குளிரில் தனியே போனவன் எப்படியோ தீமூட்டித் தப்பிவிடுகிறான். இனித் தனியே போகமாட்டேன் என்ற புத்தியோடு. 1908இல் மீண்டும் எழுதியபோது அவன் மூட்டிய தீயின் மேல் மரத்துப் பனி சரிந்து விழுகிறது. விரல்கள் விறைத்து நெருப்புக்குச்சி பிடிக்க ஏலாமல் போகிறது. இறந்துவிடுகிறான். கூடவந்த நாய் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, சோறும் சூடும் கிடைக்கும் முகாமை நோக்கி நடக்கிறது. உலகம் இன்றுவரை வாசிப்பது இரண்டாவதை. முதலாவது ஆய்வாளர்களுக்குத்தான் தேவைப்படுகிறது. புத்திமதி சொல்ல அவனைப் பிழைக்க வைத்தபோது கதை சின்னதாகிப் போனது என்று லண்டனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இனி மௌலவியின் கோபம். தோழர்கள் எல்லாரும் போய்த் தனித்துவிட்ட ஒட்வே வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். ஏதாவது செய், ஓர் அடையாளம் காட்டு, இப்போதே காட்டு, சாகும்வரை உன்னை நம்புவேன் என்கிறான். வானம் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறான்.

"இது இறைமறுப்புப் பிரசாரம் சேர். பதிலே இல்லையென்டு காட்டத்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கான்," என்றார் மௌலவி.

அந்தக் காட்சியை இறைமறுப்பாளர்கள் தமக்கு உரியதாகவும் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவ விமர்சகர்கள் சிலர் அதில் அய்யூப் நபியின் வேதனையைக் கண்டார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அய்யூப் நபி தமக்குத் துன்பம் தீண்டியதைச் சொல்லி, இறைவனின் இரக்கத்தைப் புகழ்ந்ததோடு நிறுத்திக்கொண்டார். யூனுஸ் நபி இருளுக்குள் இருந்து தம் பிழையை ஒப்புக்கொண்டார். யஃகூப் நபி கண் வெளுக்கும்வரை அழுதார். ஆனால் முறைப்பாட்டை அல்லாஹ்விடமே வைத்தார். இவர்களில் ஒருவரும் அடையாளம் காட்டினால்தான் ஆச்சு என்று பேரம் பேசவில்லை. ஒட்வே பேசுவது பேரம். பேரத்துக்குப் பதில் வராததைக் காட்டுவது துஆவுக்குப் பதில் இல்லை என்று காட்டுவதாகாது. மௌலவியிடம் இதைச் சொன்னேன். "அது உங்கட தமிழ் வியாக்கியானம்," என்று சிரித்தார். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் கத்தலுக்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை எங்கள் வாதத்தில் இருவருமே முதலில் மறந்துவிட்டோம். இறந்தவர்களின் பர்ஸ்களை வழிநெடுகச் சேகரித்து வந்திருக்கிறார்கள், வீட்டாரிடம் ஒப்படைக்க. ஒட்வே பனியில் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கிறான். பிள்ளைகளின் படங்கள், மனைவிமாரின் படங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறான். கழுவிக் கபனிட மையித்துகள் இல்லாத இடத்தில் ஒருவன் செய்யக்கூடிய அடக்கம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குச் சற்று முன்னர், இனி நடக்கமாட்டேன் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடும் டியாஸ், பிரியும்போது தன் முதற்பெயரைச் சொல்கிறான். அதுவரைக்கும் இவர்களுக்கு ஒருவர் மற்றவரின் குடும்பப் பெயர் மட்டுமே தெரியும். ஒட்வேயும் தன் பெயரைச் சொல்ல, இரண்டு பேரும் ஜோன். சண்டைக்காட்சிக்குக் காத்திருந்தவருக்கு இதெல்லாம் இழுவை.

நம்பிக்கை வறண்ட படம் என்று சொல்பவர்கள் அதன் தொடக்கத்தையும் மறந்துவிடுகிறார்கள். படத்தின் முதற் சில நிமிடங்களில் ஒட்வே துப்பாக்கிக் குழலைத் தன் வாயில் வைத்து விசையில் விரல் வைக்கிறான். எங்கோ ஓர் ஓநாய் ஊளையிடுகிறது, நிறுத்திவிடுகிறான். அந்த இரவில் தன் உயிரைத் தானே எடுக்க நின்றவன், கடைசியில் உயிருக்காகப் போத்தல் துண்டைக் கையில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறான். அவன் எங்கே தொடங்கினான் என்பதை வைத்துப் பார்த்தால், ஓநாய் வென்றதா அவன் வென்றானா என்று காட்டாமல் விட்டதில் எனக்குக் குறையில்லை.

சொந்த வாழ்வில் நீசன் 2009இல் மனைவி நட்டாஷா ரிச்சர்ட்சனைப் பறிகொடுத்திருந்தார். பனிச்சறுக்கில் ஏற்பட்ட தலைக்காயம் காரணம். மனைவியை நினைத்து ஒட்வே கடிதம் எழுதும் காட்சிகளைப் பார்க்கும்போது பலருக்கு அது நினைவு வந்தது. நடிகனின் துயரை வைத்துப் படத்துக்குப் புள்ளி போடுவது முறையல்ல என்பது என் எண்ணம். ஆயினும் தெரிந்த பிறகு தெரியாததுபோல் பார்க்கவும் முடியவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு மருமகன் வந்தான். எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்ததற்குப் பின்னால் இன்னொரு துண்டு இருப்பதைக் கண்டுபிடித்திருந்தான். சில விநாடிகள்தான்.

"ஓநாய் விழுந்து கிடக்குது மாமா, மூச்சு வாங்குது. அவர்ர தல அதுல சாஞ்சிருக்கு. பின்பக்கம் மட்டுந்தான் தெரியுது. ஆள் உயிரோடயா, மௌத்தா?"

"உனக்கு என்னடா விளங்குது?"

"காட்டல்லயே," என்றான். இந்த முறை அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டு இல்லாமலேயே படம் நல்லாயிருந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பென்டிரைவைச் செருகி, அந்தச் சில விநாடிகளை எனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினான்.