மணல் இடம் மாறும் தீவில்

மாலத்தீவு ரிசார்ட்டுக்குப் போகிற பலர் முதல் நாள் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். இரண்டாம் நாள் தூங்குகிறார்கள். மூன்றாம் நாள் வரவேற்பில் போய், "வேறென்ன இருக்கு இங்கே?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். கடைத்தெரு இல்லை, ஏறிப் பார்க்கக் குன்று இல்லை. அந்த நாட்டு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட உயராதது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே வழக்கம் என்பதால், வாசலைத் தாண்டினால் கடல். அங்கே இருப்பதெல்லாம் மணலும் பவளப்பாறையும், அதன்மேல் ஒரு சிற்றூரையே மறைத்துவைத்திருக்கும் சாமர்த்தியமும்தான். இவற்றைப் பார்க்கப் பழகிவிட்டால் மூன்று நாள் போதாது.

பெட்டியை அறையில் போட்டதும் தீவைச் சுற்றிக் கரையோரமாகவே ஒரு நடை போய்வாருங்கள். பெரிய ரிசார்ட் என்றாலும் பெரும்பாலான தீவுகளை ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம். ஒரு பக்கம் கடற்கரை அகலமாக விரிந்திருக்கும். மறுபக்கம் அலை அரித்துத் தென்னையின் வேர் வெளியே தெரியும். வேர் தெரிகிற பக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் கிழக்கே நகரும். வடகிழக்குக் காற்று வந்ததும் திரும்பி மேற்கே வரும். ஏப்ரலில் போனவர் பார்த்த கரையை அக்டோபரில் போகிறவர் பார்ப்பதில்லை. கரையோரம் மணல் மூட்டையோ கல்சுவரோ அடுக்கியிருந்தால், நிர்வாகம் இந்த நடமாட்டத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள். மணலை அதன் போக்கில் விட்டிருக்கும் தீவுதான் எனக்குப் பிடிக்கும்.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது? ஆறே இல்லாத நாடு. எல்லாம் பவளமும் சிப்பியும் பொடிந்து வந்தவை. பொடிப்பதில் பெரும்பங்கு கிளிமீனுக்கு. பாறையைக் கரண்டித் தின்று, சுண்ணாம்பை மணலாக வெளியே தள்ளுகிற மீன் அது. வக்கரு என்ற தீவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீனின் உபயம் என்று கணக்கிட்டது. கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீருக்குள் முகத்தை வைத்து அசையாமல் மிதந்தால், அது பாறையைக் கடிக்கும் 'நறுக் நறுக்' காதில் விழும். அதைக் கேட்டபின் கடற்கரையில் உட்காருவது வேறு அனுபவம்.

ஆகவே, அறை பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: கரையிலிருந்தே நீந்திப் போகும் தொலைவில் பவளப்பாறை இருக்கிறதா? விளம்பரப் படங்களில் மயக்கும் அகன்ற வெளிர்நீலக் கடல், பெரும்பாலும் பாறை தொலைவில் இருப்பதன் அடையாளம். கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லாக்களுக்குக் கொட்டும் காசு அதிகம் என்பது என் அபிப்பிராயம். கரையோர அறையில் இருந்தால் வாசலிலேயே சங்குக்குள் குடியிருக்கும் நண்டும், முழங்கால் நீரில் திரியும் சுறாக்குட்டியும், சாயங்காலம் பழந்தின்னி வௌவாலும் வரும். மிச்சக் காசில் கடல் விமானத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். பவளத்திட்டுகள் வளையம் வளையமாகக் கிடப்பது மேலிருந்துதான் விளங்கும். விமானம் பகலில் மட்டுமே பறக்கும், அதற்கேற்பத் தலைநகர் மாலே வந்து சேருங்கள். அறை வாடகையோடு ஆளுக்கு இரவொன்றுக்கு 12 டாலர் பசுமை வரியும், 17 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. சொல்லும் விலையில் இவை அடங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

பாறையின் விளிம்பில் தரை சட்டென்று ஆழத்துக்குள் இறங்கும். அந்த விளிம்பையொட்டி மெதுவாக நீந்துங்கள். மீன் கூட்டமெல்லாம் அங்கேதான். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போயின. சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கிடப்பது அதன் மிச்சம். நடுநடுவே நீலமும் ஊதாவுமாக நுனி விடுவது புது வளர்ச்சி. காலூன்றி நின்றுவிடாதீர்கள். முதுகு வெந்துவிடும், சட்டையோடு இறங்குங்கள்.

இனி, மறைத்துவைத்த ஊர். 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோது இருந்தவை தென்னோலை வேய்ந்த முப்பது அறைகள். இன்று ஒவ்வொரு தீவும் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்குகிறது. தோட்டச் செடிக்கு அப்பால் எங்கோ எந்திரம் உறுமும். சலவைக்கூடம், பணியாளர் குடியிருப்பு, அவர்கள் பந்து விளையாடும் மைதானம் எல்லாம் தீவின் நடுவில், மரங்களுக்குப் பின்னால். சில ரிசார்ட்டுகள் கேட்டால் சுற்றிக் காட்டுகின்றன, தவறவிடாதீர்கள். சரக்குப் படகு வரும் துறையையும் காலையில் போய்ப் பாருங்கள். வெங்காயத்திலிருந்து சிமெண்ட் வரை எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. சமையலறைப் பக்கம் தமிழில் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், பல தீவுகளில் மதுரையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பதில் வரும்.

பஃபேயில் பாஸ்தாவைத் தாண்டிப் போங்கள். காலையில் ஓரமாக ஒரு கிண்ணத்தில் மாஸ் ஹுனி இருக்கும்: சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு. ரொட்டியோடு சாப்பிட வேண்டும். தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் அதே மீனைப் புகையிட்டுக் காயவைத்தால் நம் ஊர் மாசிக் கருவாடு.

அரை நாள் ஒதுக்கி, மக்கள் வாழும் பக்கத்துத் தீவுக்கும் போய் வாருங்கள். ரிசார்ட் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தரும் மது அங்கே அறவே கிடையாது; தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும், வேறு நாளாகப் பாருங்கள்.