குழம்பில் எடுத்த காய்

நாய்க்குக் கேரட் கொடுப்பதன் நன்மையை எல்லோரும் கேரட்டில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் கொடுக்காமல் விட்ட பிஸ்கட்டில் இருக்கிறது. வளர்ந்த, 10 கிலோ எடையுள்ள வீட்டு நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி போதும். நொறுக்குத்தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. அதாவது 60 கலோரி. டீ குடித்துக்கொண்டே பிட்டுப் போடும் குளுக்கோஸ் பிஸ்கட் இரண்டு மூன்றிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கேரட்டில் 100 கிராமுக்கே சுமார் 40 கலோரிதான். வெள்ளரிக்காயில் அதில் பாதிகூட இல்லை. பத்துத் துண்டு கொடுத்த திருப்தி நமக்கு, மென்ற திருப்தி அதற்கு. அடுக்குமாடி வீட்டில் படுத்தே பெருத்துப்போன லாப்ரடார்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பழம் என்றதும் இதே கணக்கை மறந்துவிடுகிறோம். ஒரு மோரிஸ் வாழைப்பழம் முழுசாகப் போனால் 100 கலோரியைத் தொடும். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வாழைப்பழத்துக்கு மாறியவர்கள் எதை மிச்சப்படுத்தினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வைட்டமின் பேச்சு இன்னும் பலவீனமானது. வைட்டமின் சி கிடைக்கட்டும் என்று நாய்க்குக் கொய்யா நறுக்குகிறவர்கள் உண்டு. நாயின் கல்லீரல் அந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். தயாரிக்க முடியாத பிராணி நறுக்கிக் கொடுக்கும் மனிதர்தான். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்ற நாயால் முடியும், உண்மைதான். ஆனால் பெரிய துண்டாக விழுங்கிய கேரட் மறுநாள் காலை அதே நிறத்தில் வெளியே கிடப்பதை நாய் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். வேகவைத்து மசித்தால் கொஞ்சம் உடம்பில் சேரும். பூசணிக்காயின் நார்ச்சத்து மலத்தைச் சீராக்குவது மட்டும் கண்ணெதிரே தெரிகிற பலன்.

‘நாய் மாமிசப் பிராணி, அதற்கெதற்குக் காய்கறி’ என்கிற எதிர்க்கட்சியும் முழுசாகச் சரியில்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான ஒரு குழு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களில் 4 முதல் 30 வரை. கம்பங்கூழும் பழைய சோறும் தின்று வளர்ந்த நம்மூர் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் செரிக்க முடியும் என்பதனாலேயே தேவை என்று ஆகிவிடாது.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை நம் சமையலறையில் இருக்கிறது. கேரட், ஆப்பிள், பூசணி நல்லவை என்று வருகிற பட்டியல்கள் பச்சையாகவோ வெறுமனே வேகவைத்தோ தனியாகக் கொடுக்கும் காயைப் பற்றிப் பேசுகின்றன. நம் வீடுகளில் காய் பெரும்பாலும் தட்டிலிருந்துதான் நாய்க்குப் போகிறது. சாம்பாரில் கிடந்த கேரட், புளிக்குழம்பில் கிடந்த பூசணி. ‘காய்தானே’ என்று போடுகிறோம். கூடவே வெங்காயமும் உப்பும் புளியும் போகின்றன.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சோகை தெரிய நாலைந்து நாள்கூட ஆகலாம் என்பதால் வீட்டில் யாரும் அதைச் சாம்பாரோடு சேர்த்து நினைப்பதில்லை.

புளியின் கதை புதியது. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைப் பறித்துவிடும் என்பது மருத்துவர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. டார்ட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்றின் மருத்துவர்கள் முன்வைத்தார்கள். வீட்டிலேயே செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்தான் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது. மாவில் அந்த அமிலத்தின் உப்பு இருந்தது. சிறுநீரகம் கெட்ட விதம் திராட்சை தின்ற நாய்களுடையதைப் போலவே இருந்தது. புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் இதே அமிலம். புளி தின்று இதே பாதிப்புக்குள்ளான நாய்களும் அவர்கள் பதிவில் உண்டு.

‘எங்கள் நாய் காலம்பூரா ரசம் சாதம்தான் தின்றது’ என்று உடனே பதில் வரும். வரட்டும். திராட்சையிலும் இப்படித்தான்: ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுத் தூங்கும், இன்னொன்று கொஞ்சம் தின்று படுத்துவிடும். எந்த நாய் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். பண்டிகை நாளில் நாய்க்கும் ஓர் இலை போடுகிற வீடுகளில் அதை யாரும் பொறுக்கி எடுத்துவிட்டு வைப்பதில்லை.

மாம்பழக் காலத்தில் கொட்டை வேறு. சப்பிவிட்டுப் போட்டுவிடும் என்று நினைப்போம். விழுங்கிவிட்டால் குடல் அடைத்து அறுவைச் சிகிச்சை வரை போகும்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம். காய் நறுக்கும்போதே, அடுப்பில் ஏறுவதற்கு முன், எங்கள் நாய் மணியின் பங்கு தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும். அதற்குக் கேரட் பிடித்திருக்கிறதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. தரையில் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதே துண்டைக் கையில் எடுத்து நீட்டினால் வாங்கி, நறுக் நறுக்கென்று கடைசித் துணுக்கு வரை மெல்லும்.