ஒற்றைக் கீபோர்டும் தோட்டத்துத் திருவிழாவும்

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் இசைக்குழுக்களில் ஆட்கள் குறைந்து, ஸ்பீக்கர் பெட்டிகள் கூடிவிட்டன. புல்லாங்குழல், வயலின், பேஸ், சில இரவுகளில் தபேலாவும்கூட ஒரே கீபோர்டுக்குள் அடக்கம். அதை வாசிப்பவர் பக்திப் பாடலில் தொடங்கி இளையராஜா, ரஹ்மான், அனிருத் என்று போவார்; சிங்கள நண்பர்கள் கேட்டால் பைலாவும் வரும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்குவார். அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, உண்மைதான். எப்போது அழுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். இதைக் கரோக்கி என்று ஒதுக்குவது அநியாயம்.

இவர்கள் கண்முன் இருக்கும் முன்மாதிரி ரஹ்மான். 'ரோஜா' (1992) வருவதற்கு முன் அவர் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். ஜாகிர் உசேன், எல். சங்கர் போன்றோருடன் வெளிநாட்டு மேடைகளுக்கும் போனார். எந்தப் பாணியும் கைவந்ததால்தான் உயர்ந்தார் என்பது பாதிக் கதை. தந்தை ஆர். கே. சேகர் விட்டுப்போன இசைக்கருவிகளின் வாடகையில்தான் அந்தக் குடும்பம் ஓடியது. பிறகு வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் வந்தது. கருவி சொந்தமாக இருந்தால் நள்ளிரவிலும் பிழைவிட்டுப் பழகலாம். ஆனால் இங்கே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். நல்ல கீபோர்டு இலட்சத்தைத் தாண்டும். ஆகவே கருவி பெரும்பாலும் குழுத் தலைவருடையது. லயன் வீட்டுப் பையனுக்கு அது ஒத்திகையில் மட்டும் கிடைக்கிறது. முதலில் பழகுவது பட்டன்கள். சுரக்கூட்டு பிறகு, வந்தால்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. கருவியில் பதிந்து வரும் தாளங்களில் டிஸ்கோ உண்டு, வால்ஸ் உண்டு, இந்திய மாடல்களில் தபேலாவும் உண்டு. மாசியில் காமன்கூத்துக்கு அடிக்கும் தப்புப் பறையின் தாளம் இல்லை. கூத்தில் தப்புக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுவார். கீபோர்டின் தாளம் யார் காலையும் பார்க்காது. எல்லாம் வாசிக்கத் தெரிந்தவர் தன் தோட்டத்து அடியை மட்டும் வாசிக்காமல் போவது இப்படித்தான்.

பழியை அவர்மேல் மட்டும் போட முடியாது. பாட்டுப் பட்டியலைத் தருவது திருவிழாக் கமிட்டி. சாமி ஊர்வலத்தோடு தப்புக்காரர்களின் வேலை முடிந்தது என்று முடிவு செய்வதும் அதுதான். மேடையில் அவர்களுக்கும் ஒரு மைக் வையுங்கள் என்று கமிட்டி சொன்னால் எந்தக் குழுவும் மறுக்காது. கீபோர்டுக்காரர் அன்று தானியங்கித் தாளத்தை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் வாசிக்க வேண்டிவரும்.